5க்கு 7 பாத்ரூம்: கமோடு, பேசின், ஷவர் மூன்றும் இடிக்காமல் அடங்குமா?

ஜூன் 2, காலை. கேட்டவர்

புது அபார்ட்மெண்ட். செங்கல் சுவர் எழுந்துவிட்டது, பூச்சு இன்னும் ஆகவில்லை. பாத்ரூம் உள்ளளவு 1500க்கு 2100 மி.மீ., கிட்டத்தட்ட 5 அடிக்கு 7 அடி. கதவு 1500 சுவரின் வலது ஓரத்தில். உள்ளே நுழைந்தால் இடதுபக்க நீளச் சுவருக்கு அந்தப்புறம் ஷாஃப்ட், அதாவது குழாய்கள் இறங்கும் சந்து. சாயில் பைப் (கமோடின் கழிவுக் குழாய்) அங்கேதான் இறங்குகிறது. எதிரே இருப்பது வெளிச்சுவர். தளம் 250 மி.மீ. பள்ளமாக விடப்பட்டிருக்கிறது. ஷவர் தவிர மற்ற இடம் காய்ந்தே இருக்க வேண்டும். வால் ஹங் கமோடு (தரையைத் தொடாமல் சுவரில் தொங்குவது) போட்டால் இடம் மிச்சம் என்கிறார்கள். தரைக்கு 600க்கு 600 டைல்ஸ் பிடித்திருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

ஜூன் 2, மதியம்

அடங்கும். ஆனால் 1500க்கு 2100 என்று வரையாதீர்கள், அந்த அளவு உங்களுக்குக் கிடைக்கப் போவதில்லை. பூச்சுக்கு 12 முதல் 15 மி.மீ., டைலும் பசையும் சேர்ந்து இன்னொரு 12. ஒரு சுவருக்கு 25 போய்விடும், எதிரெதிர்ச் சுவர் இரண்டுக்கும் 50. மிஞ்சுவது 1450க்கு 2050. தூக்குக்குண்டு போட்டுப் பார்த்துச் சுவர் சாய்ந்திருந்தால் இன்னும் 10 போகும். இனி நான் சொல்கிற எல்லா அளவும் டைல் முகத்திலிருந்து.

பிரிக்கிற முறை ஒன்றுதான்: காய்ந்திருக்க வேண்டியது கதவருகே, நனைவது கடைக்கோடியில். கதவு, பேசின், கமோடு, ஷவர் என்று வரிசை. பேசினும் கமோடும் ஷாஃப்ட் பக்கச் சுவரில்.

கமோடின் நடுக்கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் குறைந்தது 380 வேண்டும், ஆக 760. ஷவருக்கு 900, பேசினுக்கு 500 என்று ஆசைப்பட்டால் மொத்தம் 2160. அறை 2050. 110 இடிக்கிறது. இதைக் கமோடிலிருந்து எடுக்கக் கூடாது. 350 ஆக்கினால் முழங்கை ஒரு பக்கம் பேசினில், மறுபக்கம் ஷவரின் கண்ணாடித் தடுப்பில் முட்டும், அதை அப்புறம் சரி செய்ய வழியே கிடையாது. பேசினுக்கு 450 விடுங்கள். கதவுச் சுவரிலிருந்து அளந்தால் கமோடு நடு 830, கண்ணாடித் தடுப்பு 1210. மிச்சமிருக்கும் 840 ஷவருக்கு. 840 குறைச்சல் போலத் தெரியும், ஆனால் குறுக்கே முழு 1450ம் ஷவருக்குத்தான்.

முன்பக்கம்: டேங்கோடு சேர்ந்த தரைக் கமோடு சுவரிலிருந்து 680 நீளும். எதிர்ச் சுவருக்கு 770 இருக்கும். 530க்குக் கீழே போகக் கூடாது, 600 இருந்தால் தாராளம். ஆக அகலத்தில் உங்களுக்குக் கஷ்டம் இல்லை.

ஜூன் 2, இரவு

வால் ஹங் பற்றிச் சொல்ல விட்டுப்போனது. கமோடின் நீளம் 520 தான், ஆகவே முன்னால் 160 மி.மீ. கூடுதலாகக் கிடைக்கும்.

ஜூன் 3, காலை

மேலே எழுதியது தவறு, அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். 520 என்பது பீங்கானின் நீளம் மட்டும். அதைத் தாங்கும் இரும்புச் சட்டமும் உள்ளே மறையும் டேங்கும் எங்கே போகும்? ஷாஃப்ட் சுவர் அரைச் செங்கல் என்றால் அதைக் குடைந்து சட்டத்தை உள்ளே வைக்க முடியாது. சுவருக்கு முன்னால் வைத்து மூடினால் பெட்டி 150 முதல் 200 வரை வரும். 520ஐக் கூட்டினால் 670 முதல் 720. தரைக் கமோடும் 680 தான். ஒரு மில்லிமீட்டர் லாபமும் நிச்சயமில்லை.

வால் ஹங்கின் நன்மை வேறு. கீழே தரை முழுக்கத் திறந்திருக்கும், துடைப்பது சுலபம். உட்காரும் உயரத்தை 400லிருந்து 450க்குள் நீங்களே வைத்துக்கொள்ளலாம். பெட்டியின் மேல்விளிம்பு ஒரு தட்டாகப் பயன்படும். சட்டத்தைச் சுவரோடு மட்டும் முடுக்கிவிட்டால் போதாது, கால்கள் இரண்டும் கான்கிரீட் தளத்தில் போல்ட் ஆக வேண்டும். உங்கள் தளம் பள்ளம் என்பதால் சட்டத்தின் கால் நிரப்பிய மண்ணின் மேல் நிற்கக் கூடாது. அந்த இடத்தில் மட்டும் கீழ்த்தளத்திலிருந்து கான்கிரீட் திட்டு எழுப்பச் சொல்லுங்கள். ஃப்ளஷ் அமுக்கும் பலகைக்குப் பின்னால் இருக்கிற திறப்புதான் டேங்கைப் பழுது பார்க்க ஒரே வாசல். அதைச் சிறியதாக்கி டைல் ஒட்டிவிட்டால், பின்னொரு நாள் வால்வு மாற்ற டைலை உடைக்க வேண்டியதுதான்.

ஜூன் 3, மாலை. கேட்டவர்

அப்படியென்றால் தரைக் கமோடே போதும். கடையில் எஸ் ட்ராப்பா, பி ட்ராப்பா, 300ஆ 225ஆ என்று கேட்கிறார்கள்.

ஜூன் 4

பி ட்ராப். ட்ராப் என்றால் நாற்றம் மேலேறாமல் தண்ணீர் நிற்கும் வளைவு. சாயில் பைப் சுவருக்கு அந்தப்புறம் நிற்கும்போது கழிவை நேராகச் சுவர் வழியே வெளியே தள்ளுவதுதான் சரி. எஸ் ட்ராப் தரைக்குள் இறங்கும். பள்ளத்துக்குள் வளைந்து மறுபடி ஷாஃப்டுக்குப் போக வேண்டும், அடைப்பு வந்தால் தரையை உடைக்க வேண்டும்.

பி ட்ராப்பின் வாய் பெரும்பாலும் முடிந்த தரையிலிருந்து 180 அல்லது 185 மி.மீ. உயரத்தில் நடு. முடிந்த தரை என்றால் டைலின் மேல்முகம். அது இன்னும் இல்லவே இல்லை, அப்புறம் எங்கிருந்து அளப்பது? இங்கேதான் மீட்டர் கோடு வேண்டும். ஹால் தரை எங்கே முடியும் என்று முடிவு செய்து, அதற்குச் சரியாக 1000 மி.மீ. மேலே, டியூப் லெவலோ லேசரோ வைத்து நான்கு சுவரிலும் ஒரே கோடு அடியுங்கள். பிளம்பர், எலக்ட்ரீஷியன், கொத்தனார் மூவரும் அந்தக் கோட்டிலிருந்துதான் அளக்க வேண்டும். கமோடு இருக்கிற இடத்தில் தரை வாட்டத்தில் 8 மி.மீ. கீழே இருக்கும் என்றால், வாய் கோட்டுக்குக் கீழே 1000 கூட்டல் 8 கழித்தல் 180, அதாவது 828ல் வரும். இப்படி எழுதிக் கொடுத்தால்தான் சரியாக வரும். "தரையிலிருந்து ஏழு அங்குலம்" என்று வாயால் சொன்னால் ஆளுக்கொரு தரையை நினைத்துக்கொள்வார்கள்.

எஸ் ட்ராப் போட வேண்டியிருக்கிறவர்களுக்கு: 300 என்பது டைல் முகத்திலிருந்து குழாய் நடுவுக்கு. செங்கலிலிருந்து 300 அளந்து குழாயை ஊன்றிவிட்டால், பூச்சும் டைலும் ஏறியதும் 275 தான் மிஞ்சும். கமோடு உட்காராது. 225க்கான கமோடை வாங்கி வைத்தால் டேங்குக்குப் பின்னால் 50 மி.மீ. சந்து விழும், தூசி சேரும், டேங்கு சுவரில் சாயாமல் ஆடும்.

ஜூன் 4, இரவு

சுவரில் ஓட்டை போடுவதற்கு முன் 830ல் தூணோ பீமோ ஓடவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். 110 மி.மீ. குழாய்க்கு 125 முதல் 150 வரை துளை வேண்டும். அதற்காகப் பீமைத் தொடக் கூடாது. குறுக்கே வந்தால் கமோடை நகர்த்துங்கள்.

ஜூன் 5

தரை வாட்டம். சின்ன பாத்ரூமில் எல்லாத் தகராறும் இங்கேதான் தொடங்கும், அதனால் எண்களோடு எழுதுகிறேன்.

கதவடி டைல் மட்டம் பூஜ்யம். காய்ந்த பகுதிக்கு 100க்கு 1 வாட்டம். 1210 தூரத்துக்கு 12 மி.மீ. இறங்கும். கண்ணாடிக் கோட்டில் 10 மி.மீ. படி இறக்கம், ஆக மைனஸ் 22. ஷவர் பகுதிக்கு 50க்கு 1. சுமார் 830 தூரத்துக்கு 17. கடைச் சுவரோரம் வடிகால் மைனஸ் 39. இந்த நான்கு எண்ணையும் சுவரிலேயே பென்சிலால் எழுதிவிடுங்கள்: 0, 12, 22, 39.

காய்ந்த பகுதிக்கும் 50க்கு 1 வைத்தால் என்ன என்று கேட்பார்கள். வைக்கலாம், ஆனால் கமோடின் அடி முன்னுக்கும் பின்னுக்கும் ஒட்டாமல் ஆடும், நிற்கிற காலுக்கும் சரிவு தெரியும். 100க்கு 1 கண்ணுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும்.

600 டைல் இங்கேதான் மாட்டும். சதுர ஜாலி (வடிகாலின் ஓட்டை மூடி) நடுவில் இருந்தால் நான்கு பக்கமிருந்தும் சரிய வேண்டும். பெரிய டைல் வளையாது, மூலைவிட்டமாக வெட்ட வேண்டும், வெட்டின விளிம்பு காலில் உறுத்தும். இரண்டு வழி உண்டு. ஷவருக்கு மட்டும் 300க்கு 300 அல்லது அதற்கும் சின்னது. இல்லையென்றால் கடைச் சுவரோரம் நீள வடிகால் வைத்து ஒரே திசையில் சரிப்பது. அப்போது 600ம் போடலாம். உங்கள் அறைக்கு நீள வடிகால்தான் பொருத்தம். ஆனால் அதன் உள்ளே முடியும் சேறும் சேரும். மேல்தட்டும் ட்ராப் கிண்ணமும் கையால் தூக்கி எடுக்க வருகிற வகையா என்று வாங்கும்போதே தூக்கிப் பாருங்கள்.

வழுக்காத டைல் என்று ஆர்10 எழுதியதைக் காட்டுவார்கள். அந்த ஆர் எண் ஷூ போட்டு எண்ணெய்த் தரையில் நடந்து எடுத்தது. வெறுங்காலுக்கு ஏ, பி, சி என்று தனி வரிசை இருக்கிறது. ஷவர் தரைக்கு பி கேளுங்கள்.

ஜூன் 5, சற்று நேரம் கழித்து

வடிகால் நாற்றம் பற்றி ஒரு வார்த்தை. ட்ராப்பில் 50 மி.மீ. தண்ணீர் நிற்கும்வரைதான் அது ட்ராப். காய்ந்த பகுதியில் தனியாக ஒரு ஜாலி வைத்தால் அதில் யாரும் தண்ணீர் விடப்போவதில்லை, நாளடைவில் வறண்டு நாற்றம் ஏறும். பேசினின் வேஸ்ட் லைனை அந்தத் தரை ட்ராப்புக்குள் கொண்டுவந்து சேருங்கள். கை கழுவும்போதெல்லாம் அது தானே நிரம்பிக்கொள்ளும்.

ஜூன் 7. கேட்டவர்

பள்ளத்தை உடைந்த செங்கல், கான்கிரீட் கழிவு போட்டு நிரப்பிவிடலாம் என்கிறார் கொத்தனார். சரியா?

ஜூன் 7, மாலை

எடையைக் கணக்குப் போடுங்கள். 3 சதுர மீட்டர், நிரப்பும் ஆழம் 200 என்றால் 0.6 கன மீட்டர். முழுக் கான்கிரீட் கன மீட்டருக்கு சுமார் 2400 கிலோ, அதாவது 1440 கிலோ. ஏஏசி கல் (காற்றுக் குமிழி நிறைந்த இலகுவான கான்கிரீட் கல்) துண்டுகளாக இருந்தால் 600 கிலோ வீதம் 360. ஒரு டன் வித்தியாசம், அதுவும் காலமெல்லாம் தளத்தின் மேல். ஏஏசி போடுங்கள். அது தண்ணீரை உறிஞ்சும், ஆகவே மேலே கீழே இரண்டு இடத்திலும் வாட்டர்புரூஃபிங் கட்டாயம்.

வரிசை இப்படி. குழாய் துளைகளைச் சுருங்காத கிரவுட் (சிமெண்ட் கலவை) வைத்து அடையுங்கள். தளமும் சுவரும் சேரும் மூலைகளைக் கலவையால் வளைவாக்குங்கள். கூர்மையான மூலையில்தான் பூச்சு முதலில் விரியும். பாலிமர் கலந்த சிமெண்ட் பூச்சு இரண்டு கை, முதல் கை ஒரு திசையில், அது காய்ந்த பின் அடுத்தது குறுக்கே. மூலையிலும் குழாயைச் சுற்றியும் முதல் கைக்கும் இரண்டாம் கைக்கும் நடுவே வலைத்துணி. சுவரில் எல்லாப் பக்கமும் முடிந்த தரைக்கு மேல் 300 வரை, ஷவர் பக்கம் 2100 வரை ஏற்றுங்கள். பள்ளத்தின் அடியில் ஷாஃப்ட் பக்கமாக 25 மி.மீ. குழாய் ஒன்று வெளியே நீட்டி விடுங்கள். பிற்பாடு உள்ளே தண்ணீர் சேர்ந்தால் அது கீழ்வீட்டுக் கூரையில் இறங்காமல் அங்கே சொட்டும், உங்களுக்கும் உடனே தெரிந்துவிடும். நிரப்பி, மேலே வாட்டத்தோடு காரை போட்ட பின் மறுபடி இரண்டு கை.

ஜூன் 12. கேட்டவர்

முதல் பூச்சு முடிந்து தண்ணீர் நிறுத்தியிருக்கிறோம். ஒரே நாளில் 4 மி.மீ. குறைந்திருக்கிறது. கசிவா, ஆவியா? கொத்தனார் ஆவி என்கிறார்.

ஜூன் 12, உடனே

அவர் சொல்வது சரியாக இருக்கலாம், ஆனால் ஊகிக்க வேண்டாம். அகலமான பிளாஸ்டிக் தொட்டி ஒன்றை அதே அறையில், அதே தண்ணீருக்குள் வையுங்கள். வெளியே இருக்கும் மட்டத்துக்கே உள்ளேயும் தண்ணீர் ஊற்றுங்கள். மிதக்காமல் இருக்க உள்ளே ஒரு கல். தொட்டியில் ஒரு கோடு, சுவரில் ஒரு கோடு. நாளை பார்க்கும்போது இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் ஆவி. தொட்டியில் 3, சுவரில் 7 என்றால் 4 மி.மீ. எங்கோ போகிறது. 3 சதுர மீட்டரில் 4 மி.மீ. என்பது 12 லிட்டர்.

கசிவு என்று தெரிந்தாலும் முதலில் பூச்சைச் சந்தேகிக்காதீர்கள். வடிகால் வாயை அடைத்த துணிதான் பெரும்பாலும் கசியும். துணியை எடுத்துவிட்டு ரப்பர் பிளக் போட்டு, கோட்டை மறுபடி அடித்துப் பாருங்கள். கீழ்வீட்டுக்காரரிடம் சொல்லிக் கூரையில் குழாய் இறங்கும் இடத்தைச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். 24 மணி நேரம் போதாது, 48 வையுங்கள். டைல் ஒட்டும் முன் மேல் பூச்சுக்கும் இதே சோதனை.

ஜூன் 13. மின்வேலை பார்க்கும் ஒருவர்

சுவர் மூடுவதற்கு முன் என் பங்கு. ஷவர் இருக்கும் பகுதியில் தரையிலிருந்து 2250 வரை சுவிட்சோ சாக்கெட்டோ வரவே கூடாது. தொட்டி இல்லாத திறந்த ஷவருக்கு இந்தப் பகுதி சுவரில் பொருத்திய தண்ணீர் வாயிலிருந்து சுற்றிலும் 1200 தூரம் என்று கணக்கு. 2050 நீள அறையில் அது ஏறத்தாழ பேசின் வரை வந்துவிடும். கீசர் சுவிட்சையும் விளக்கு சுவிட்சையும் கதவுக்கு வெளியே வையுங்கள். முழு பாத்ரூமுக்கும் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவு தடுப்பான் ஒன்று.

காற்று: 1.45 × 2.05 × 2.4 மீட்டர், 7 கன மீட்டருக்குக் கொஞ்சம் கூட. மணிக்குப் பத்து முறை மாற வேண்டுமென்றால் 71. மணிக்கு 85 கன மீட்டர் இழுக்கும் ஃபேன் எடுங்கள். வெளிச்சுவரில், 2250க்கு மேல். கதவுக்கு அடியில் 15 முதல் 20 மி.மீ. சந்து இல்லாவிட்டால் எந்த ஃபேனும் சும்மா சுற்றும். உள்ளே வர வழியில்லாத காற்றை அது எப்படி வெளியே தள்ளும்?

ஜூன் 13, இரவு

அந்த 1200 தூரத்தைப் படித்த பின் ஒன்றைத் திருத்த வேண்டியிருக்கிறது. "0, 12, 22, 39" எழுதியபோது ஷவர் எந்தச் சுவரில் என்று நான் சொல்லவே இல்லை. இடதுபக்கச் சுவரில், கண்ணாடிக்குப் பின்னால் வையுங்கள். கண்ணாடி இடது சுவரிலிருந்து 800, நகராத ஒரே பலகை, 8 மி.மீ. டஃபன்ட் (கெட்டிப்படுத்திய கண்ணாடி). வலதுபக்கம் 650 திறப்பு. ஷவர் இடப்பக்கம் இருந்தால் தெறிப்பு கண்ணாடியில் விழும். வலப்பக்கம் இருந்தால் திறப்பு வழியே கதவு வரை வரும்.

திருகும் வால்வை மட்டும் ஷவருக்கு நேர் கீழே வைக்காதீர்கள். கடைச் சுவரில், திறப்புக்கு நேரே, தரையிலிருந்து 1050ல் இருக்கட்டும். கை நீட்டித் திறந்து, தண்ணீர் சூடான பிறகு உள்ளே போகலாம். கூடுதலாக ஒன்றரை மீட்டர் குழாய்தான்.

சுவருக்குள் மறையும் டைவெர்ட்டர் (தண்ணீரைத் திருப்பிவிடும் வால்வு) என்றால் அதன் பிளாஸ்டிக் மூடியில் இரண்டு கோடு இருக்கும், குறைந்தபட்சம், அதிகபட்சம். முடிந்த டைல் முகம் இரண்டுக்கும் நடுவில் வர வேண்டும். ஆழமாகப் போனால் கைப்பிடி எட்டாது, நீட்டிப்புத் துண்டு தேட வேண்டும். மேலே வந்துவிட்டால் மூடித்தட்டு சுவரோடு ஒட்டாமல் தண்ணீர் பின்னால் இறங்கும். பூச்சு போடுமுன் சுவரில் ஒரு டைல் துண்டை 25 மி.மீ. வெளியே பிடித்து, ரசமட்டத்தை அதன் மேல் வைத்துக் கோட்டோடு ஒப்பிடுங்கள். சுடுதண்ணீர் இடம், பச்சைத் தண்ணீர் வலம். வெளியே தெரியும் மிக்ஸராக இருந்தால் இரண்டு வாய்க்கும் நடு 150.

ஜூன் 14

பேசின்: 400 அகலம், 320 ஆழம் போதும். விளிம்பு 820 முதல் 850. வேஸ்ட் வாய் 480, ஆங்கிள் காக் (பேசினுக்குத் தண்ணீர் தரும் சுவர் வால்வு) 550. நடுக்கோடு கதவுச் சுவரிலிருந்து 225 தான் வருகிறது, இடது முழங்கை அந்தச் சுவரில் படும். இதை மறைக்க மாட்டேன், இந்தத் திட்டத்தின் பலவீனம் அதுதான். கை கழுவ ஒன்றும் தெரியாது. முகம் கழுவும்போது கொஞ்சம் திரும்பி நிற்க வேண்டும். கமோடு நடுவையும் கண்ணாடியையும் 40 தள்ளலாமா என்று போட்டுப் பார்த்தேன். ஷவர் 800 ஆகும், பேசின் இடம் 490. வீட்டில் உடல் பருமனானவர் இருந்தால் ஷவரை 840லேயே விடுங்கள், மற்றபடி தள்ளிக்கொள்ளலாம். தள்ளினால் 828 என்ற எண் மாறாது, வாட்டத்தில் அரை மில்லிமீட்டர் கூட வராது.

ஜூன் 15. கேட்டவர்

கதவு உள்ளே திறக்கட்டுமா, வெளியேவா? வீட்டில் பெரியவர் ஒருவர் இருக்கிறார்.

ஜூன் 15, மதியம்

இடத்தை மட்டும் பார்த்தால் உள்ளே திறந்தாலும் ஒன்றும் இடிக்காது. வலது சுவரில் கீல் வைத்தால் 750 கதவு அந்தச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும், பேசின் 320 தான். ஆனால் உள்ளே ஒருவர் விழுந்து கதவின் பின்னால் கிடந்தால் உள்ளே தள்ளும் கதவைத் திறக்கவே முடியாது. பெரியவர் இருக்கிற வீட்டில் வெளியே திறப்பதுதான் சரி. தாழ்ப்பாள் வெளியிலிருந்து நாணயத்தால் திருப்பித் திறக்கிற வகையாக இருக்கட்டும்.

பிடிகம்பிக்கும் இப்போதே இடம் குறியுங்கள். தரையிலிருந்து 840 முதல் 910 உயரம், கம்பி விட்டம் 32 முதல் 38, சுவருக்கும் கம்பிக்கும் நடுவே 38. கமோடுக்கு அருகே ஷாஃப்ட் சுவர் அரைச் செங்கல் என்றால் கம்பி வரும் இடத்தில் இரண்டு செங்கலை எடுத்துவிட்டுக் கான்கிரீட் அடைத்துக்கொள்ளுங்கள். டைல் ஒட்டிய பின் பிளாஸ்டிக் பிளக்கை நம்பி முடுக்கிய கம்பி, ஆள் முழு எடையோடு பிடிக்கும் அந்த ஒரு தடவையில் கழன்று வரும்.

ஜூன் 19

சுவர் மூடும் முன் தண்ணீர் லைனை அழுத்தம் வைத்துப் பார்த்தீர்களா? வழக்கமாக ஓடும் அழுத்தத்தின் ஒன்றரை மடங்கு, குறைந்தது ஒரு மணி நேரம், முள் அசையக் கூடாது. சிபிவிசி (சுடுதண்ணீர் தாங்கும் பிளாஸ்டிக் குழாய்) பசை காய ஓர் இரவு விட்டு அப்புறம் ஏற்றுங்கள். சோதனை முடிந்ததும் ஒவ்வொரு சுவரையும் டேப்பை விரித்து வைத்துப் படம் எடுங்கள், மீட்டர் கோடும் அதில் தெரியட்டும். கண்ணாடி அலமாரிக்குத் துளை போடும் நாளில் அந்தப் படம்தான் குழாயைக் காப்பாற்றும்.

ஜூன் 30. கேட்டவர்

டைல் முடிந்தது. ஜாலியில் தண்ணீர் தேங்காமல் போகிறது. மூலைகளில் கிரவுட் (டைல் இடுக்கை நிரப்பும் கலவை) போட்டுவிட்டார்கள், சுவரும் தரையும் சேருமிடத்தில் அதற்குள் மயிரிழை விரிசல்.

ஜூன் 30, இரவு

சுவரும் தரையும் தனித்தனியாக அசையும், அங்கே கிரவுட் நிற்காது. அந்த மூலைகளில் மட்டும் 5 மி.மீ. ஆழத்துக்குச் சுரண்டி எடுத்துவிட்டு, நன்றாகக் காயவிட்டு, பூஞ்சை பிடிக்காத சானிட்டரி சிலிகான் நிரப்புங்கள். இரண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டால் கோடு நேராக வரும். சிலிகானை இழுத்த உடனே, காய்வதற்குள் டேப்பை உரித்துவிடுங்கள். கமோடின் அடியைச் சுற்றியும் போடலாம், பின்பக்கம் மட்டும் ஒரு விரலகலம் விடுங்கள். குழாய் இணைப்பு ஒழுகினால் அந்த இடைவெளி வழியேதான் தெரியவரும். 24 மணி நேரத்துக்கு ஷவர் திறக்க வேண்டாம்.